அடுத்த கிழமையும் செய்யக்கூடிய வேலை

அத்தியாயம் 3: கோமாரியின் பதின்ம வயதினர் ஊருக்குச் செய்யக்கூடியவை

ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று பாடசாலை வயதில் ஒருவர் நினைத்தால், பெரும்பாலும் கண்முன் வருவது ஒருநாள் வேலைதான். கடற்கரையைக் கூட்டுவது, மரக்கன்று நடுவது, வீதியோரப் புல்லை வெட்டுவது. ஐம்பது பேர், ஒரே நிற ரீசேட், ஒரு பதாகை. படம் எடுத்ததும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். அடுத்த கிழமை அதே கரையில் அதே அளவு போத்தல் கிடக்கும், கன்றுகளில் பாதியை மாடு கடித்திருக்கும். வந்து உழைத்த பிள்ளைகளின் மனதில் குறை இல்லை. வேலையைத் தெரிந்தெடுத்த முறைதான் பிழை. ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று பார்ப்பதற்கு முன், அது எத்தனை நாளுக்கொருமுறை திரும்பச் செய்யப்பட வேண்டியது என்று பாருங்கள். அந்தக் கணக்குக்கு உங்களால் ஈடுகொடுக்க முடிந்தால் மட்டும் தொடங்குங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

இதற்குச் சான்று நம் கரையோரத்திலேயே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் களப்போரங்களில் கண்டல் கன்றுகள் பெருமளவில் நடப்பட்டன. ஆய்வாளர்கள் பின்னர் 23 இடங்களுக்குப் போய் எண்ணிப் பார்த்து, முடிவை 2017 இல் வெளியிட்டார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று. 1,000 ஹெக்டேயருக்கு மேல் நடப்பட்டதில் தேறியது ஏறத்தாழ 200 ஹெக்டேயர். பொருந்தாத இனத்தைப் பொருந்தாத சேற்றில் நட்டது ஒரு காரணம். நட்டபின் ஒருவரும் போய்ப் பார்க்காததும், கால்நடை மேய்ந்ததும் மற்றக் காரணங்கள். நடுவதற்குக் கைகள் நிறைய இருந்தன, பார்ப்பதற்குத்தான் இருக்கவில்லை.

கிணறுகளின் கதை இன்னும் நெருக்கமானது. சுனாமியில் கோமாரி உள்ள அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. உயிர் தப்பியவர்களின் கிணறுகளுக்குள் கடல்நீர் புகுந்திருந்தது. உதவ வந்த குழுக்கள் அவற்றைப் பம்பு வைத்து இறைத்தன. அடுத்து வந்த குழு அதே கிணற்றை மறுபடியும் இறைத்தது. ஆனால் கரையோர மணலுக்குக் கீழே நன்னீர் உப்புநீரின் மேல் ஒரு படையாகத்தான் மிதக்கிறது. மேலுள்ளதை வேகமாக இறைத்தால் கீழுள்ள உப்பு எழும்பி வரும். அளவுக்கு மீறி இறைத்த கிணறுகள் தெளிய நாள் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் உப்பைக் கழுவியது பருவமழை. யார் ஏற்கெனவே என்ன செய்தார்கள் என்று கேட்காமல் செய்யும் உதவி, உதவி பெறுபவரையே பாதிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

## தொடங்குவதற்கு முன்: ஆறு படிகள்

1. நான்கு முதல் ஆறு பேர் சேருங்கள். அதற்கு மேல் வேண்டாம். இருபது பேர் வரும் குழுவில் ஒருவர் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. ஐந்து பேரில் ஒருவர் குறைந்தால் எல்லோருக்கும் தெரியும். பெயர் கொடுத்துவிட்டு வராமல் விடுவது தொண்டு முயற்சிகளைக் குலைக்கும், சிறிய குழுவில்தான் அது குறைவு.

2. பொறுப்பேற்க இரண்டு பெரியவர்களைப் பிடியுங்கள். ஒருவர் ஆசிரியராக இருக்கலாம். மற்றவர் பெற்றோரில் ஒருவராகவோ, மாதர் அபிவிருத்திச் சங்கத்தில் அல்லது மீனவர் சங்கத்தில் இருப்பவராகவோ இருக்கலாம். அவர்கள் வேலை செய்ய வேண்டியதில்லை. எங்கே, எப்போது, யார் யார் போகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தொலைபேசியை எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

3. மூன்று பேரிடம் போய்க் கேளுங்கள். கிராம உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அல்லது குடும்பநல உத்தியோகத்தர், ஆரம்பப் பிரிவு ஆசிரியர். "சேர், நாங்கள் அஞ்சு பேர் இருக்கிறம். சனிக்கிழமை காலையில ரெண்டு மணித்தியாலம் தரலாம். இப்ப யாரும் செய்யாம கிடக்கிற வேலை எது?" என்று இப்படியே கேட்கலாம். "எங்களால் என்ன உதவி செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எத்தனை பேர், எந்த நேரம் என்று சொல்லிக் கேட்டால், கேட்கப்படுபவர் தன் மேசையில் தேங்கிக் கிடக்கும் ஒரு வேலையை நினைத்துப் பார்ப்பார்.

4. ஒன்றை மட்டும் தெரிவு செய்யுங்கள். கேட்ட வேலைகள் ஒவ்வொன்றுக்கும் நேரே 'எத்தனை நாளுக்கொருமுறை' என்று எழுதுங்கள். உங்களால் முடிந்த இடைவெளியுள்ள வேலையை எடுங்கள், மற்றதை விடுங்கள். மனம் இரண்டையும் கேட்கும். இரண்டையும் தொட்ட குழு பரீட்சைக் காலத்தில் இரண்டையும் கைவிடும்.

5. சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொருவரின் வீட்டிலிருந்தும் ஒரு கடிதம். கிராம உத்தியோகத்தருக்கு ஒரு பிரதி. கடிதத்தில் வேலை, இடம், நாள், முடியும் நேரம், பொறுப்பான பெரியவரின் தொலைபேசி இலக்கம் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும்.

6. எட்டுக் கிழமைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். எட்டாவது கிழமையில் உட்கார்ந்து பேசித் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுங்கள். 'எப்போதும் செய்வோம்' என்று சொல்லிவிட்டு மூன்றாம் கிழமை நிற்பதைவிட, எட்டுக் கிழமை என்று சொல்லி எட்டையும் முடிப்பது ஊரின் நம்பிக்கையைப் பெறும்.

நேரம் பற்றி: சனிக்கிழமை காலை 7 முதல் 9 வரை கோமாரிக்குப் பொருத்தமான நேரம். ஞாயிறு காலையை ஆலயமும் அறநெறி வகுப்பும் எடுத்துக்கொள்ளும். பொத்துவில்லில் இருந்து முஸ்லிம் நண்பர்களும் சேர்ந்தால் வெள்ளி மத்தியானம் ஜும்ஆவுக்குரியது. மாலை வேலைகளை 5 மணிக்குள் முடியுங்கள்; இருட்டும் நேரம் யானை நடமாடும் நேரம்.

## முதல் வேலை: வீட்டு வளவுகளில் டெங்குப் பார்வை

கோமாரியில் எதைத் தொடங்குவது என்று தெரியாத குழுவுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஏனென்றால் இதன் இடைவெளியை இயற்கையே வகுத்திருக்கிறது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக மாற ஏழு முதல் பத்து நாள் எடுக்கிறது. ஆகவே கிழமைக்கு ஒருமுறை ஒரு வளவில் தேங்கிய நீரை அகற்றினால் அங்கே ஒரு நுளம்பும் முழு வளர்ச்சி அடையாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை போனால், இடையில் ஒரு தலைமுறை பறந்துபோயிருக்கும். ஐம்பது பேர் சேர்ந்து மாதத்துக்கு ஒருநாள் செய்யும் பெரிய சுத்திகரிப்பைவிட ஐந்து பேர் கிழமைதோறும் செய்யும் சிறிய சுற்று ஏன் பயன் தருகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2017 இல் இலங்கை முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள், நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிழக்கில் வடகீழ்ப் பருவமழைக்குப் பின், மார்கழி தை மாதங்களில் ஆபத்து கூடும். ஆகவே ஐப்பசி தொடக்கத்தில் வேலையைத் தொடங்குங்கள்.

1. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து வரும் பரிசோதகரிடம், எந்த ஒழுங்கையில் தொடங்குவது என்று கேளுங்கள். முதல் நாள் அவரோ அவர் அனுப்பும் ஒருவரோ உங்களுடன் வந்து புழு எப்படி இருக்கும் என்று காட்டட்டும்.
2. இருபது வீடுகளை எடுங்கள். அதற்கு மேல் இரண்டு மணித்தியாலத்தில் ஒழுங்காகப் பார்க்க முடியாது.
3. இருவர் இருவராகப் போங்கள். படலையில் நின்று கூப்பிட்டு, பெரியவர் ஒருவர் வெளியே வந்த பிறகுதான் வளவுக்குள் கால் வையுங்கள். வீட்டுக்குள் போக வேண்டாம்.
4. பார்க்க வேண்டியவை: பழைய ரயர், சிரட்டை, இளநீர்க் கோம்பை, யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள தட்டு (வீட்டுக்காரரையே பார்க்கச் சொல்லுங்கள்), கூரைப் பீலி, மூடாத நீர்த்தாங்கி, கரையில் கவிழ்க்காமல் விட்ட தோணி, வாடியோரம் கிடக்கும் றெஜிபோம் பெட்டி.
5. நீரை மண்ணில் ஊற்றுங்கள், கானுக்குள் அல்ல. பிறகு பாத்திரத்தின் உட்சுவரைத் தும்பால் தேயுங்கள். பெரும்பாலானோர் விடும் படி இதுதான். ஈடிஸ் தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டுகிறது; அந்த முட்டை காய்ந்தபடியே பல மாதம் உயிரோடிருக்கும். ஊற்றிவிட்டுத் தேய்க்காமல் வந்தால், அடுத்த மழையில் அதே பாத்திரத்தில் புழு நெளியும்.
6. கொப்பியில் வீட்டு இலக்கம், பார்த்த பாத்திரங்கள், புழு இருந்த பாத்திரங்கள் என மூன்று பத்தி மட்டும் போடுங்கள்.

இங்கே ஒரு தடை வரும், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி புழு உள்ள வளவின் உரிமையாளர்மேல் வழக்குத் தொடரலாம். ஆகவே கொப்பியோடு வரும் பிள்ளைகளைப் பார்த்ததும் சிலர் படலையைத் திறக்க மாட்டார்கள். அந்தப் பயம் நியாயமானது. பரிசோதகரிடம் முதலிலேயே பேசி, உங்கள் பதிவு ஒழுங்கைக்கு எத்தனை பாத்திரம் என்ற தொகையாக மட்டுமே அவரிடம் போகும், தனி வீட்டின் விவரம் போகாது என்று உடன்பட்டுக்கொள்ளுங்கள். பிறகு படலையில் நின்று அதைச் சொல்லுங்கள்: "மாமி, நாங்க ஆரையும் எழுதிக் குடுக்க வரல்ல. தண்ணியக் கவிழ்க்க மட்டும்தான் வந்தம்." மூன்றாம் கிழமைக்குள் பெரும்பாலான வீடுகளில் நீங்கள் வருவதற்கு முன்பே பாத்திரங்கள் கவிழ்ந்திருக்கும். அதுதான் இந்த வேலையின் உண்மையான பலன். கொப்பியில் எண்கள் குறைவதைக் கண்டு வேலை முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள்.

செய்யக்கூடாதவை: மருந்து, எண்ணெய் எதையும் நீங்களாக நீரில் ஊற்றாதீர்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். காய்ச்சலில் படுத்திருப்பவர் உள்ள வீட்டில் அறிவுரை சொல்லாதீர்கள். வைத்தியசாலைக்குப் போகச் சொல்லிவிட்டு, அன்றே பரிசோதகருக்குத் தெரிவியுங்கள்.

## இரண்டாம் வேலை: சின்னப் பிள்ளைகளுடன் வாசிப்பு

பதினாறு வயதுப் பிள்ளை எட்டு வயதுப் பிள்ளைக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டு அனுபவம் நல்ல பதில். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் நீண்டநாள் மூடிக் கிடந்தபின், 2021 இல் அங்கே 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஊரிலேயே வசிக்கும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் அயல் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் பொருளியல் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அந்தத் தன்னார்வலர்கள் உங்களைவிட வயதில் மூத்தவர்கள், சிறு உதவித்தொகையும் பெற்றார்கள் என்ற வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வேலை செய்தது பட்டமல்ல. அதே நேரத்தில், அதே இடத்தில், அதே ஆள் மறுபடியும் வந்ததுதான். அதை நீங்களும் செய்யலாம்.

1. ஆரம்பப் பிரிவு ஆசிரியரிடம், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் ஆறேழு பேரைக் கேளுங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் கெட்டிக்காரப் பிள்ளைகளை விடுங்கள். அவர்களுக்கு ரியூசன் இருக்கிறது.
2. திறந்த இடத்தில் நடத்துங்கள்: பாடசாலை மண்டபம், ஆலய முன்றல், நூலகம். எவருடைய அறையிலும் வேண்டாம்.
3. கிழமையில் இரண்டு நாள், நாற்பது நிமிடம். முதலில் நீங்கள் உரக்க வாசியுங்கள், பிறகு சேர்ந்து வாசியுங்கள், கடைசியில் பிள்ளை தனியே வாசிக்கட்டும்.
4. பிள்ளை தடுமாறும்போது மூன்று வரை மனதுக்குள் எண்ணிவிட்டுச் சொல்லைச் சொல்லுங்கள். உடனே சொன்னால் பிள்ளை முயலாது. நீளக் காத்திருந்தால் வெட்கப்படும்.
5. ஒருபோதும் அடிக்கவோ, காதைத் திருகவோ, மற்றப் பிள்ளையோடு ஒப்பிடவோ வேண்டாம்.

ஒரு பெரியவருக்குத் தெரியாமல், ஒரு தன்னார்வலரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கும் நிலை எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது. இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. பிள்ளை ஒன்று வீட்டில் தனக்கு நடக்கும் துன்பத்தைச் சொன்னால், இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்டுக்கொண்டு, அன்றே பொறுப்பான பெரியவரிடம் சொல்லுங்கள். சிறுவர் பாதுகாப்புக்கான 1929 இலக்கத்துக்கு நீங்களே அழைக்கவும் முடியும்.

## மூன்றாம் வேலை: மழைக்கு முன் ஒரு பெயர்ப் பட்டியல்

2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில், வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் ஒன்று அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்தவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர்கள். பல பிள்ளைகள் இறந்தார்கள். உங்கள் வயதுதான் அவர்களுக்கும். வெள்ளக் காலத் தொண்டு என்றதும் கயிறும் தோணியும் நினைவுக்கு வருபவர்கள் இந்த நாளை நினைவில் வைக்க வேண்டும். ஓடும் நீர் அரையடி உயரம் இருந்தாலே வளர்ந்த மனிதரைத் தடுமாற வைக்கும். ஓரடி உயரத்தில் சிறிய காரை நகர்த்தும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வெள்ளத்துக்குள் இறங்கும் எந்த வேலையிலும் சேரக்கூடாது என்பது இந்த நூலின் உறுதியான விதி. உங்கள் வேலை மழைக்கு முன் முடிந்திருக்க வேண்டும். கோமாரிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நீர் எங்கிருந்து வந்தாலும் முதலில் மாட்டுப்படுபவர் யார் என்பதை ஊர் அறிந்திருப்பதுதான் பாதி மீட்பு.

1. புரட்டாதி மாதத்தில் கிராம உத்தியோகத்தரின் அனுமதியோடு உங்கள் ஒழுங்கைகளில் விசாரியுங்கள்: தனியே வாழும் முதியவர், நடக்க முடியாதவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, தினமும் மருந்து எடுப்பவர்.
2. ஒவ்வொருவருக்கும் நேரே இரண்டு பெயர் எழுதுங்கள்: அவரைக் கூட்டிப்போகும் அயலவர் ஒருவர், அவர் இல்லாவிட்டால் மற்றவர். அந்த அயலவரிடம் நேரில் கேட்டு ஒப்புதல் வாங்காமல் பெயரை எழுதாதீர்கள்.
3. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, மூன்று நாள் மருந்து ஆகியவற்றைப் போட்டு இறுகக் கட்டக்கூடிய தடித்த பொலித்தீன் பை ஒன்றை அவர்கள் வீட்டிலேயே ஆயத்தம் செய்ய உதவுங்கள்.
4. பட்டியலுக்கு இரண்டு பிரதிதான்: ஒன்று கிராம உத்தியோகத்தரிடம், மற்றது பொறுப்பான பெரியவரிடம். வட்ஸ்அப்பில் போடாதீர்கள். தனியே இருக்கும் முதியவர்களின் விலாசம் திருடனுக்கும் பயன்படும்.
5. மாதம் ஒருமுறை திருத்துங்கள். பிள்ளை பிறந்திருக்கும், ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார். பழைய பட்டியல் மீட்பவரை வெறும் வீட்டுக்கு அனுப்பும்.

டிசம்பர் 26 இலங்கையில் தேசிய பாதுகாப்பு தினம். அன்றைய சுனாமி நினைவேந்தல் முடிந்தபின், பட்டியலில் உள்ள முதியவர் ஒருவரோடு மேட்டு நிலத்துக்கு அவருடைய வேகத்தில் நடந்து பார்த்து, எடுத்த நேரத்தைக் குறியுங்கள். உங்கள் கால்களுக்குப் பத்து நிமிடமாக இருக்கும் வழி அவருக்கு எவ்வளவு என்று தெரிந்தால், எச்சரிக்கை வரும்போது எப்போது புறப்பட வேண்டும் என்பதும் தெரியும்.

## நான்காம் வேலை: கரைக் குப்பை, ஆனால் முடிவிடத்திலிருந்து

கரையைக் கூட்டுவது தவறான வேலையல்ல. அதைப் பின்னாலிருந்து முன்னால் திட்டமிட வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் உள்ள திறந்த குப்பை மேட்டில் பொலித்தீனைத் தின்று யானைகள் இறந்த செய்தி 2022 இல் உலகம் முழுவதும் போனது. எட்டு ஆண்டுகளில் இருபது யானைகள் அளவில் இறந்தன என்று அப்போது சொல்லப்பட்டது. நம் கரையோர ஊர்களின் குப்பைதான் அங்கே போய்ச் சேர்ந்தது. யானை பொலித்தீனைத் தேடிப் போகவில்லை, அதில் ஒட்டியிருந்த சோற்றையும் பழத்தையும் தேடிப் போனது. ஆகவே கரையில் கூட்டிக் கலந்து ஒரே உரப்பையில் கட்டி அனுப்பிய குப்பை இடம் மாறியதே ஒழியத் தீங்கு குறையவில்லை.

முதலில் பிரதேச சபையிடம் எந்த நாளில், எந்தக் குப்பையை எடுப்பார்கள் என்று கேளுங்கள். அவர்கள் எடுக்காததைச் சேர்க்காதீர்கள். போத்தலும் தகரப் பேணியும் பழைய இரும்பு வாங்குபவரிடம் போகும்; ஒட்டியிருக்கும் உணவைத் தனியே எடுத்து மண்ணில் புதைக்கலாம்; மீதி மட்டும் சபைக்கு. நூறு மீற்றர் கரையை அளந்து எடுத்து, ஒவ்வொரு மாதமும் அதே நூறு மீற்றரில் என்ன கிடந்தது என்று எண்ணுங்கள். அதில் பாதி ஒரே வகைப் பொருள் என்று தெரிந்தால், அதை விற்கும் கடையிலோ அதை விட்டுவரும் வாடியிலோ பேசுவதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள்.

தொடக்கூடாதவை: ஊசி, மூடிய கலன், தாரைப் போன்ற எண்ணெய்க் கட்டி. 2020 செப்டம்பரில் 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது நம் சங்கமன்கண்டிக்கு நேர் கிழக்கே உள்ள கடலில்தான்; இக்கரையில் எது வேண்டுமானாலும் ஒதுங்கலாம். ஆமை முட்டையையோ ஆமைக் குஞ்சையோ எடுக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு எடுத்தாலும் அது சட்டப்படி குற்றம். வனசீவராசிகள் திணைக்களத்துக்குத் தெரிவிப்பதே போதும்.

## இன்னும் சில

கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் இவ்வழியால் உகந்தை நோக்கிப் போகும் நாட்களில் தாகசாந்தி கொடுக்கப் பலர் வருவார்கள். அவர்கள் போனபின் கோப்பை பொறுக்க எவரும் வருவதில்லை. கோப்பைக்குப் பதில் அடியார்களின் போத்தலிலேயே நீர் நிரப்பிக் கொடுத்தால் பொறுக்கவும் வேண்டியிராது.

அஸ்வெசும போன்ற உதவித் திட்டங்களின் படிவங்களை வாசித்துச் சொல்ல ஆளில்லாத முதியவர்களுக்கு, நூலகத்தில் மாதம் இருமுறை உட்கார்ந்து உதவலாம். நீங்கள் வாசித்து விளக்குங்கள், அவர்கள் நிரப்பட்டும். அடையாள அட்டையைப் படம் எடுக்காதீர்கள், தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைக் கேட்காதீர்கள்.

## எல்லா வேலைக்கும் பொதுவான பாதுகாப்பு

மூடிய சப்பாத்து, தடித்த கையுறை, தொப்பி, தண்ணீர். வெறுங்காலோடு சேற்றிலும் வயலோரத்திலும் இறங்கினால் எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு; பின்னர் காய்ச்சல் வந்தால் சேற்றில் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள். களப்பு முகத்துவாரத்தில் கால் நனைக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் இழுவை இருக்கும். குவிந்த ஓலை, தகரம், கல் எதையும் கையால் புரட்டாமல் நீண்ட தடியால் புரட்டுங்கள். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் தலை எண்ணுங்கள். கொப்பியின் பின்னட்டையில் இந்த இலக்கங்களை எழுதுங்கள்: அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, சிறுவர் பாதுகாப்பு 1929.

## வீட்டிலும் வீதியிலும் கேட்கப்படும் மறுப்புகள்

"ஓ.எல். எடுக்கிற வயதில் இதெல்லாம் எதற்கு?" என்பது முதல் மறுப்பு, அதில் நியாயமும் இருக்கிறது. இந்தக் கரையோரத்தில் பரீட்சை ஒரு குடும்பத்தின் பத்து வருட நம்பிக்கை. அதனால்தான் மேலே சொன்னவை கிழமைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கும் வேலைகள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது விலகிக்கொள்ளுங்கள். விலகுவதை ஒரு மாதம் முன்பே சொல்லி, உங்கள் இடத்துக்குத் தரம் ஒன்பதில் இருந்து ஒருவரைக் கொண்டுவாருங்கள். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கும் காலம் முழுவதும் உங்களுடையது.

"சபையும் அரசாங்கமும் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளைகள் ஏன் செய்ய வேண்டும்?" என்பது இரண்டாவது. இது கனமான கேள்வி. குப்பை அள்ள ஊழியர் இருக்கும்போது பிள்ளைகள் இலவசமாக அள்ளினால், சபை அந்த ஒழுங்கையை மறந்துவிடக்கூடும். அந்த ஆபத்தைத் தவிர்க்க, உத்தியோகத்தர் ஒருவர் கட்டாயம் செய்ய வேண்டியதை நீங்கள் எடுக்காதீர்கள். அவர் கை எட்டாத இடத்தை எடுங்கள். பரிசோதகர் ஒருவரால் ஒவ்வொரு வளவுக்கும் கிழமைதோறும் போக முடியாது. ஆசிரியர் முப்பது பிள்ளைகளையும் தனித்தனியே வாசிக்கவைத்துக் கேட்க முடியாது. உங்கள் கொப்பியில் இருக்கும் எண்கள் சபையிடம் கேள்வி கேட்கவும் பயன்படும். மாணவர்கள் ஊர்வேலையில் இறங்குவது புதிதுமல்ல; இந்நாட்டில் சிரமதானம் ஒரு இயக்கமாக மாறியதே 1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்களை ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துப் போனதில் இருந்துதான். அந்த மாணவர்கள் ஊராரோடு தங்கி, அவர்கள் தேவை என்று சொன்னதைச் செய்தார்கள். அந்த முதற் பாதியை நாம் மறந்து, மண்வெட்டியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

"பெண்பிள்ளைகளை எப்படி அனுப்புவது?" என்று கேட்கும் பெற்றோரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் கேட்பது எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்பதுதான். ஐந்தாம் படியில் சொன்ன கடிதம் அந்த மூன்றுக்கும் பதில். வாசிப்பு வேலையும் பெயர்ப் பட்டியல் வேலையும் பெண்பிள்ளைகள் இல்லாமல் நடக்காது. தனியே வாழும் ஆச்சியோ உம்மம்மாவோ ஆண்பிள்ளைகளிடம் தன் நோயைச் சொல்ல மாட்டார். குழுவில் பெண்பிள்ளைகள் பாதியாவது இருக்கட்டும்.

கடைசியாக, "அது அவங்கட ஊர், இது எங்கட ஊர்" என்பது. கோமாரியும் பொத்துவில்லும் ஒரே பிரதேச செயலகத்தின் கீழ் இருப்பவை. நுளம்புக்கும் வெள்ளத்துக்கும் எல்லைக்கல் கிடையாது. ஆனாலும் தமிழ், முஸ்லிம் என்ற இரண்டு சமூகத்துக்கும் இடையில் பழைய காயங்கள் உண்டு, அவை இல்லாததுபோல் நடிக்கும் ஒற்றுமை விழாக்களால் அவை ஆறியதும் இல்லை. நல்லிணக்கம் என்று பெயர் போட்டு எதையும் தொடங்க வேண்டாம். எட்டுக் கிழமை உங்கள் ஒழுங்கையில் செய்து முடித்த கொப்பியை எடுத்துக்கொண்டு, பொத்துவில்லில் அதே வேலையைச் செய்ய விரும்பும் பிள்ளைகளிடம் போய் எப்படிச் செய்தீர்கள் என்று காட்டுங்கள். அவர்களுடையதை நீங்கள் பாருங்கள். வேலையைப் பற்றிப் பேசும் இருவருக்கு அறிமுகம் தேவைப்படாது.

## கையளித்தல்

எட்டாவது கிழமைக் கூட்டத்துக்கு, உங்களுக்கு வேலையைக் காட்டிய உத்தியோகத்தரையும் வீட்டுக்காரர் இருவரையும் அழையுங்கள். மூன்று கேள்விகள் போதும்: எது குறைந்தது, எது குறையவில்லை, நாங்கள் நிறுத்தினால் யாருக்குத் தெரியும்? மூன்றாம் கேள்விக்கு 'யாருக்கும் தெரியாது' என்று பதில் வந்தால் அந்த வேலையை விட்டு வேறொன்றைத் தெரிவு செய்யுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் அடுத்த எட்டுக் கிழமைக்கு எழுதிக்கொள்ளுங்கள். குழுவை விட்டுப் போகிறவர் தன் இடத்துக்கு வருபவரோடு இரண்டு சனிக்கிழமை சேர்ந்து நடந்து, படலை படலையாக அறிமுகம் செய்துவைத்த பிறகே போகவேண்டும். கொப்பி, கையுறை, வீட்டுச் சம்மதக் கடிதங்களின் பிரதி ஆகியவை பொறுப்பான பெரியவரின் வீட்டில் ஒரே பெட்டியில் இருக்கட்டும். வெள்ளப் பெயர்ப் பட்டியல் மட்டும் பூட்டிய அலுமாரியில்.